செஸ் டிராதான் என்று கணிதம் சொல்லிவிட்டதா?

"இரண்டு பேரும் ஒரு தவறுகூடச் செய்யாமல் ஆடினால் செஸ் டிராவில்தான் முடியும் என்கிறார்களே, இது கணிதப்படி நிரூபிக்கப்பட்டதா? இல்லை என்றால், என்றைக்காவது நிரூபிக்க முடியுமா?" இதுதான் கேள்வி.

முதலில் நேரடியான பதில். டிரா என்றுதான் நானும் நினைக்கிறேன். கிராண்ட்மாஸ்டர்களைக் கேட்டாலும், செஸ் எஞ்சின் (செஸ் ஆடும் கணினி நிரல்) எழுதுகிறவர்களைக் கேட்டாலும் பெரும்பாலும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் நிரூபணம் கிடையாது. எந்த அளவுக்குக் கிடையாது என்றால், ஆட்டம் தொடங்கும் முன்பே கறுப்பின் ராணியைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு ஆடினால் வெள்ளை ஜெயிக்கும் என்பதைக்கூட இதுவரை யாரும் கணிதப்படி நிரூபித்ததில்லை. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, நிரூபணமும் இல்லை. தெரியும் என்பது வேறு, நிரூபித்தாயிற்று என்பது வேறு. இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விடை என்று ஒன்று இருக்கிறதா? கண்டிப்பாக இருக்கிறது. 1912-இல் கேம்பிரிட்ஜில் நடந்த உலகக் கணித மாநாட்டில் எர்ன்ஸ்ட் செர்மெலோ என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் இதைப் பற்றிப் பேசினார். கட்டுரை 1913-இல் வெளிவந்தது. அவர் சொன்னதன் சாரம் இது: செஸ்ஸில் மூன்றில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். கறுப்பு என்ன ஆடினாலும் வெள்ளையால் ஜெயிக்க முடியும், அல்லது வெள்ளை என்ன ஆடினாலும் கறுப்பால் ஜெயிக்க முடியும், அல்லது இருவராலும் குறைந்தது டிராவையாவது பிடித்துக்கொள்ள முடியும். நாலாவது வழி இல்லை. பள்ளிக்கூடத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எக்ஸ்-ஓ ஆடியிருப்பீர்கள். ஒரு வாரம் ஆடிய பிள்ளைக்கே தெரிந்துவிடும், இரண்டு பேரும் கவனமாக இருந்தால் அதில் யாரும் ஜெயிக்க முடியாது என்று. செஸ்ஸும் அதே ஜாதிதான். பகடை இல்லை, மறைத்து வைத்த சீட்டு இல்லை, எல்லாமே இருவர் கண்முன்னும் இருக்கிறது. சிப்பாய் நகராமலும் எதுவும் வெட்டுப்படாமலும் 50 நகர்த்தல் போனால் டிரா என்ற '50 நகர்த்தல் விதி'யும், ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்தால் டிரா என்ற விதியும் இருப்பதால் ஆட்டம் முடிவில்லாமல் போகவும் வழியில்லை. ஆக, மூன்றில் எது என்பது ஏற்கெனவே தீர்மானமான விஷயம். நமக்குத்தான் தெரியவில்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசியிலிருந்து பின்னால் வருவதுதான் வழி. இதைச் சின்ன அளவில் நானே செய்து பார்த்திருக்கிறேன். வெள்ளை ராஜா, ஒரு வெள்ளைச் சிப்பாய், கறுப்பு ராஜா, பலகையில் இந்த மூன்று காய்கள் மட்டும். ராஜாக்கள் ஒவ்வொன்றுக்கும் 64 கட்டங்கள். சிப்பாய்க்கு 48 கட்டங்கள்தான், ஆனால் பலகையின் இடது பாதியும் வலது பாதியும் கண்ணாடி பிம்பம் போல என்பதால் 24 போதும். யார் நகர்த்தும் முறை என்பதற்கு 2. பெருக்கினால் 1,96,608 நிலைகள். சிப்பாய் ராணியாகி, அதைக் கறுப்பால் வெட்ட முடியாத நிலைகளுக்கு முதலில் 'வெற்றி' என்று குறி போட வேண்டும். அப்புறம் ஒரு படி பின்னால் வர வேண்டும். வெள்ளையின் முறையாக இருந்து, 'வெற்றி' நிலைக்குப் போக ஒரு நகர்த்தலாவது இருந்தால் இதுவும் வெற்றி. கறுப்பின் முறையாக இருந்து, எங்கே போனாலும் அது வெள்ளையின் வெற்றி நிலையாகவே இருந்தால் இதுவும் வெள்ளைக்கு வெற்றி. புதிதாக எதுவும் மாறாத வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மிச்சமிருப்பது எல்லாம் டிரா. சாதாரண மடிக்கணினியில் ஒரு விநாடிகூட ஆகவில்லை. நம்பிக்கை, அனுபவம், எஞ்சின் மதிப்பீடு எதற்கும் இதில் இடமில்லை. அந்த அட்டவணை 'டிரா' என்றால் டிராதான்.

அந்த அட்டவணையிலிருந்து ஒரு நிலையைப் பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா டி6-இல், வெள்ளைச் சிப்பாய் இ6-இல், கறுப்பு ராஜா டி8-இல் (எழுத்து நெடுக்கு வரிசையையும் எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்). இப்போது கறுப்பின் முறை என்றால் கறுப்பு தோற்றது. இ8-க்குப் போனால் சிப்பாய் இ7-க்கு வரும். கறுப்பு ராஜா எஃப்7-க்கு ஒதுங்கியாக வேண்டும். வெள்ளை ராஜா டி7-க்கு வந்து நின்றுகொள்ளும். அடுத்தது ராணிதான். சி8-க்குப் போனாலும் சிப்பாய் இ7-க்கு வந்து, அடுத்து ராணியாகிவிடும். ஆனால் அதே நிலையில் வெள்ளையின் முறை என்றால் டிரா. சிப்பாயை இ7-க்குத் தள்ளிச் செக் கொடுத்தால் கறுப்பு ராஜா இ8-இல் வந்து அடைத்துக்கொள்ளும். ராஜாவை இ6-க்குக் கொண்டுவந்தால் ஸ்டேல்மேட் (கறுப்புக்கு நகர்த்த வழியில்லாமல் டிரா), வேறெங்காவது போனால் சிப்பாய் போச்சு. ராஜாவைப் பின்னால் இழுத்து வேறு வழி தேடினாலும் கறுப்பு தாங்கிவிடும். காய்களில் ஒன்றுகூட இடம் மாறவில்லை. யார் நகர்த்த வேண்டும் என்பது மட்டும் மாறியது. யார் முறையோ அவருக்கு அது பாரம். இந்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதே முறையில்தான் பெரிய அட்டவணைகளும் கட்டப்பட்டன. யுனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1970-களிலிருந்தே இந்த வேலையில் இறங்கியவர். 6 காய்களுக்கான இன்றைய அட்டவணை சுமார் 150 ஜிபிக்குள் அடங்கிவிடும். 7 காய்களுக்கு மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கணினியில் 2012-இல் முதன்முதலாக முழு அட்டவணை போட்டார்கள். பிறகு 2018-இல் இன்னும் சுருக்கமான வடிவம் வந்தது, அதுவே 17 டிபி அளவு. அதில் இருப்பவை ஏறக்குறைய 424 லட்சம் கோடி நிலைகள். காய் ஒன்று கூடினால் வேலை நூறு மடங்கு போலக் கூடும். நாம் இருப்பது 7-இல். ஆட்டம் தொடங்குவது 32-இல்.

மொத்தம் எத்தனை நிலைகள்? இங்கே இரண்டு எண்களைப் போட்டுக் குழப்புவார்கள். 10-இன் 120-ஆம் அடுக்கு என்பது கிளாட் ஷானன் 1950-இல் சொன்னது. அது ஆட்டங்களின் எண்ணிக்கை, அதாவது 40 நகர்த்தல் போகும் ஆட்டம் எத்தனை விதமாக நடக்கலாம் என்ற தோராயக் கணக்கு. நமக்கு அது தேவையில்லை, ஏனென்றால் ஒரே நிலைக்கு ஆயிரம் வழிகளில் வந்து சேரலாம். நமக்கு வேண்டியது விதிப்படி வரக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை. ஜான் டிராம்ப் என்ற கணினி அறிஞர் சில நிலைகளை மாதிரியாக எடுத்துக் கணக்கிட்டதில் அது 4.8 பெருக்கல் 10-இன் 44-ஆம் அடுக்கு என்று வந்தது. 120-ஐ விட எவ்வளவோ சிறியது. ஆனாலும் அத்தனையையும் ஒரு அட்டவணையில் எழுதி வைக்க இந்தப் பூமியில் இடம் இல்லை.

அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. எல்லா நிலைகளுக்கும் விடை தெரிய வேண்டியதில்லை, தொடக்க நிலைக்குத் தெரிந்தால் போதும். இதற்கு நல்ல உதாரணம் செக்கர்ஸ், செஸ் போன்ற கட்டப் பலகையில் வட்டக் காய்களை வைத்து ஆடும் ஆட்டம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனதன் ஷேஃபர் 1989-இல் தொடங்கிய வேலை அது. முதலில் அவர் நோக்கம் மேரியன் டின்ஸ்லி என்ற அசைக்க முடியாத சாம்பியனைத் தன் நிரலால் தோற்கடிப்பது. 1992-இல் நடந்த போட்டியில் டின்ஸ்லி ஜெயித்தார். 1994-இல் மறுபடி மோதியபோது முதல் 6 ஆட்டங்களும் டிரா. உடம்பு சரியில்லாமல் டின்ஸ்லி விலகினார், அடுத்த ஆண்டு காலமானார். அவரை ஜெயிக்கும் வாய்ப்பு இனி எப்போதும் இல்லை என்றான பிறகு, ஆட்டத்தையே தீர்த்துவிடுவது என்று ஷேஃபர் உட்கார்ந்தார். 2007-இல் முடித்தார். விடை: இருவரும் சரியாக ஆடினால் செக்கர்ஸ் டிரா. இந்த விவரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும். டின்ஸ்லி போன்றவர்கள் வாழ்நாள் முழுக்க உள்ளுக்குள் உணர்ந்திருந்ததை 18 வருடம் கழித்து ஒரு இயந்திரம் 'ஆமாம்' என்றது.

செக்கர்ஸில் மொத்தம் 5 பெருக்கல் 10-இன் 20-ஆம் அடுக்கு நிலைகள். ஆனால் நிரூபணத்துக்குத் தேவைப்பட்ட கணக்கீடு 10-இன் 14-ஆம் அடுக்கு அளவுதான். வெள்ளை டிராவைக் காக்க ஒவ்வொரு நிலையிலும் ஒரே ஒரு நல்ல நகர்த்தலைக் காட்டினால் போதும், எதிராளியின் நகர்த்தல்களை மட்டும் ஒன்று விடாமல் பார்க்க வேண்டும். அப்புறம் கறுப்புக்காக அதையே திருப்பிச் செய்ய வேண்டும். டிரா என்று நிரூபிப்பது உண்மையில் இரண்டு நிரூபணம், இதைப் பலர் கவனிப்பதில்லை.

அடுக்கு எண் 20-இலிருந்து 14-ஆகக் குறைந்த அதே விகிதம் செஸ்ஸுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், 10-இன் 44-க்குப் பதிலாக 10-இன் 30-ஆம் அடுக்கு நிலைகளைத் தொட வேண்டியிருக்கும். ஒரு கணினி விநாடிக்கு 100 கோடி நிலைகளைப் பார்க்கிறது, அப்படி 10 லட்சம் கணினிகள் இருக்கின்றன என்றாலும் 3 கோடி ஆண்டுகள் ஆகும். கனவிலும் நடக்காத அளவுக்கு அதிர்ஷ்டம் அடித்து, ஒவ்வொரு இடத்திலும் சரியான நகர்த்தலையே முதலில் எடுத்துப் பார்க்கிறோம் என்றால் தேவை வர்க்கமூலம் வரை இறங்கலாம். அதாவது 10-இன் 22-ஆம் அடுக்கு. அப்போது அதே 10 லட்சம் கணினிகளுக்கு 4 மாத வேலை! இந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் பாருங்கள். 'ஒருநாளும் முடியாது' என்று அடித்துச் சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகாதது இதனால்தான். ஆனால் கீழ்ப்பக்கக் கணக்கை யாரும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். செக்கர்ஸில் வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும், காய்கள் மளமளவென்று குறைந்து, தயாராக வைத்திருக்கும் அட்டவணைக்குள் சீக்கிரமே விழுந்துவிடும். செஸ்ஸில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 20 காய்களோடு ஐம்பது நகர்த்தல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கலாம். அட்டவணையின் வாசல் ரொம்ப தூரத்தில் இருக்கிறது.

அப்படியானால் கணினியே இல்லாமல், புத்தியால் மட்டும் ஒரு குறுக்கு வழி கிடைக்காதா? சில ஆட்டங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஹெக்ஸ் என்ற ஆட்டத்தில் முதலில் ஆடுகிறவர் ஜெயிக்க முடியும் என்று ஜான் நாஷ் நாலே வரியில் காட்டினார், எப்படி ஜெயிப்பது என்று சொல்லாமலே. அதே யோசனை செஸ்ஸுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து நழுவுகிறது என்று பார்க்கலாம்.

ஒரு மாற்றம் செய்வோம். ஒவ்வொருவரும் தன் முறையில் இரண்டு நகர்த்தல் செய்ய வேண்டும் என்று வையுங்கள். இந்த ஆட்டத்தில் வெள்ளைக்குக் குறைந்தது டிரா உறுதி. எப்படி? கறுப்புக்குக் கட்டாய வெற்றி தரும் உத்தி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை முதல் முறையில் குதிரையைச் சி3-க்கு எடுத்து, அடுத்த நகர்த்தலில் பி1-க்கே திருப்பி வைத்துவிடும். பலகை தொடக்க நிலையிலேயே இருக்கிறது, ஆனால் இப்போது முதலில் ஆட வேண்டியவர் கறுப்பு. அந்த வெற்றி உத்தியை இனி வெள்ளை எடுத்துக்கொள்ளும்! இரண்டு பேரும் ஜெயிக்க முடியாதே, எனவே அப்படி ஒரு உத்தி இருக்கவே முடியாது. அவ்வளவுதான் நிரூபணம். ஒரு கணக்கீடும் இல்லை, கணினியும் இல்லை. முதன்முதலாக இதைப் படித்த அன்று பலகையை எடுத்துக் குதிரையை நானே போய்விட்டு வரச் செய்து பார்த்தேன், அவ்வளவு அழகு.

நம் செஸ்ஸில் இது ஏன் வேலை செய்யவில்லை? குதிரை போய்விட்டுத் திரும்புவதற்குள் கறுப்பும் இரண்டு முறை நகர்த்திவிடும். 'நான் ஆடவில்லை, நீங்கள் ஆடுங்கள்' என்று முறையைக் கைமாற்ற விதியில் இடமில்லை. நகர்த்த வேண்டியிருப்பதே பாரமாகும் நிலைகள் உண்டு என்பதை மூன்று காய்களிலேயே பார்த்தோம். தொடக்க நிலையே அப்படி ஒரு நிலையாக இருந்தால்? 32 காய்களும் வரிசையாக நிற்க, முதலில் கை வைக்கிறவர் தோற்பார் என்றால்? பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றும். உண்மையில் வெள்ளைக்குத்தான் சாதகம், மனிதர்கள் ஆடிய ஆட்டங்களில் 100-க்கு 54, 55 புள்ளி வெள்ளைக்கே போகிறது. ஆனாலும் 'வெள்ளைக்குக் குறைந்தது டிராவாவது உண்டு' என்ற பாதிக் கூற்றுக்குக்கூட இன்றுவரை நிரூபணம் இல்லை.

டிரா என்று நம்புவதற்குக் காரணங்கள் பலமானவை. ஆட்டத்தின் தரம் கூடக் கூட டிராவும் கூடுகிறது. 2018-இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய உலகச் சாம்பியன் போட்டியில் 12 கிளாசிக்கல் ஆட்டங்களும் டிரா. ஆல்ஃபாஸீரோ என்ற, தானே ஆடிக் கற்றுக்கொண்ட செஸ் நிரல் தன்னோடு தானே ஆடியபோது, நகர்த்தலுக்கு ஒரு விநாடி கொடுத்தால் 88 விழுக்காடு போல டிரா, ஒரு நிமிடம் கொடுத்தால் 98 விழுக்காட்டை ஒட்டி டிரா. இந்த ஆய்வில் முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக்கும் இருந்தார். எஞ்சின்களுக்கு நடக்கும் பெரிய போட்டிகளில் இப்போதெல்லாம் தொடக்க நிலையிலிருந்து ஆட விடுவதே இல்லை. வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த திறப்புகளை, அதாவது ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களைக் கொடுத்து, இரண்டு நிறத்திலும் ஆட வைக்கிறார்கள். இல்லாவிட்டால் வரிசையாக டிராதான் வரும். வெள்ளைக்குக் கட்டாய வெற்றி ஒன்று ஒளிந்திருந்தால், பலம் கூடக் கூட வெள்ளையின் வெற்றிகள் அல்லவா கூடியிருக்க வேண்டும்? இது நல்ல வாதம். நானும் இதை நம்பித்தான் டிரா என்கிறேன்.

ஆனால் வாதம் வேறு, நிரூபணம் வேறு. இரண்டு பிஷப்புக்கு எதிராக ஒற்றைக் குதிரை என்ற முடிவாட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளிங், ஹார்விட்ஸ் என்ற இரண்டு நிபுணர்கள் 1851-இல் ஒரு தற்காப்பு அமைப்பைக் காட்டி, குதிரைக்காரர் இப்படி உட்கார்ந்துகொண்டால் யாராலும் அசைக்க முடியாது என்றார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக உலகம் அதை ஏற்றுக்கொண்டது. 1983-இல் தாம்சன் 5 காய் அட்டவணையைப் போட்டுப் பார்த்தபோது அந்தக் கோட்டை உடைந்தது. பொதுவாக அது பிஷப்காரருக்கு வெற்றி, 66 நகர்த்தல் வரை ஆகலாம். 5 காய்களில் இத்தனை பேர் இத்தனை காலம் ஏமாந்திருக்கிறோம். 7 காய் அட்டவணையில் 549 நகர்த்தலில் மேட் ஆகும் நிலை ஒன்று இருக்கிறது. அதில் நடுவில் வரும் நகர்த்தல்கள் எதற்காக என்று எந்த மனிதருக்கும் புரியாது. 32 காய்களின் ஆழத்தில் அப்படி ஒன்று கிடக்கவே முடியாது என்று எந்தத் தைரியத்தில் சொல்வது? எஞ்சின் திரையில் 0.00 (அதாவது சமநிலை) என்று வருவதைப் பார்த்து 'நிரூபணம்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் இதனால்தான். 'நான் பார்த்த தூரம் வரை ஒன்றும் தெரியவில்லை' என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

இங்கே 50 நகர்த்தல் விதியையும் மறந்துவிடக் கூடாது. 549 நகர்த்தல் வெற்றி என்பது அந்த விதியைத் தள்ளி வைத்துச் சொல்வது. விதியைச் சேர்த்தால் அப்படிப்பட்ட நீண்ட வெற்றிகள் பலவும் டிராவாகிவிடும். எனவே நம் கேள்விக்கே விதியைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று இரண்டு வடிவம் உண்டு. சேர்த்த வடிவம் டிராவாக இருக்க வாய்ப்பு இன்னும் அதிகம்.

இன்னொன்று, சுருக்கமாக. 'செஸ்ஸைத் தீர்க்க முடியாது என்று கணிதத்திலேயே நிரூபித்துவிட்டார்கள்' என்றும் சிலர் சொல்வார்கள். 1981-இல் ஃப்ரேங்கலும் லிக்டென்ஸ்டைனும் நிரூபித்தது, பலகையை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொண்டே போகும் பொதுச் செஸ்ஸைப் பற்றியது. பலகை வளர வளர, வேலை தாறுமாறாகப் பெருகும் என்பது அதன் பொருள். 64 கட்டம் உள்ள நம் பலகையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

கடைசியாக, நிரூபணத்தின் எல்லை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க நமக்கு நன்றாகத் தெரிந்த ஆட்டம் ஒன்று இருக்கிறது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம். அதுவரை குகேஷும் டிங் லிரனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. டிங்குக்கு வெள்ளை. பலகையில் ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு பிஷப், குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று. மொத்தம் 9 காய்கள். எஞ்சின்கள் எல்லாம் டிரா என்றே காட்டிக்கொண்டிருந்தன, பார்த்துக்கொண்டிருந்த நாமும் டைபிரேக்கருக்குத் தயாராகிவிட்டோம். 9 காய்களுக்கு அட்டவணை எங்கும் கிடையாது. 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானையை வெட்டினார், டிங் ராஜாவால் திருப்பி வெட்டினார். இப்போது பலகையில் 7 காய்கள். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் நிற்கிறது. குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் வைத்தார். ஒதுங்க இடமில்லை, அதுவும் வெட்டுப்பட்டு 5 காய்களாகி, 58-ஆவது நகர்த்தலோடு டிங் கைகொடுத்தார். யானைகள் இறங்கிய அந்தக் கணத்திலிருந்து கறுப்பின் வெற்றி நிரூபணமான உண்மை, அட்டவணையில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.